பொட்டலில் எழுந்த கல்வி நகர்

காரைக்குடிக்கு அணித்தே உள்ள சிற்றூர் கோட்டையூர். அகன்ற தெருக்களும், பர்மாத் தேக்கில் இழைத்த வளவுகளும், கடல் கடந்து ஈட்டிய பொருளின் சாயலும் ஒருங்கே அமைந்த ஊர் அது. ரோஜா முத்தையா அரிதின் முயன்று திரட்டிய நூற்செல்வம் 1994இல் சென்னைக்குச் செல்லும்வரை இருந்ததும் இவ்வூரில்தான் என்பதைத் தமிழன்பர் அறிவர். இவ்வூரில் இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகவாக 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிறந்தவர் இராம. அழகப்பச் செட்டியார்.

நகரத்தார் குலத்தில் கொடை புதியதன்று. வாணிகத்தில் வரும் ஊதியத்தில் ஒரு பங்கை மகமை என ஒதுக்கி அறத்திற்குச் செலவிடுவது அவர்தம் வழிவழி வழக்கம். அப்பொருள் பெரிதும் கோயில் திருப்பணிக்கும், அன்ன சத்திரத்திற்கும், ஊருணி வெட்டவும், வேத பாடசாலைகளுக்கும் சென்றது. அதே மகமை மனத்தை ஆய்வுக்கூடத்தின் பக்கமும் கல்லூரியின் பக்கமும் திருப்பிவிட்டவர்களுள் அழகப்பர் முதல் வரிசையில் நிற்பவர். அவருக்கு முன்னரே சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் பல்கலைக்கழகம் கண்டிருந்தார். எனினும், தாம் பிறந்த வறண்ட மண்ணிலேயே அத்தகையதொன்றை எழுப்பலாம் என்று துணிந்தது அழகப்பரின் தனித்தன்மை.

வட்டிக்கடைக் கணக்கும் கொண்டுவிற்றலுமே போதும் என்று கருதப்பட்ட சூழலில், இளைஞர் அழகப்பர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். அங்கேயே வங்கிப் பயிற்சியும் பெற்றார். விமானம் ஓட்டவும் கற்று உரிமம் பெற்றுத் திரும்பினார் என்றால், அக்காலத்தில் ஊரார் வியந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

திரும்பியவர் நாடிய தொழில் நெசவாலை. கொச்சி நாட்டில், திருச்சூருக்குத் தெற்கே அவர் நிறுவிய துணியாலையைச் சுற்றி ஓர் ஊரே உருவாயிற்று. அழகப்பநகர் என்னும் பெயரோடு அவ்வூர் இன்றும் இருக்கிறது. தமிழ் வணிகர் ஒருவரின் பெயரை மலையாள மண்ணின் ஊராட்சி ஒன்று தாங்கி நிற்பது கருதத்தக்கது. மலேயாவில் தோட்டம், காப்பீடு, பங்கு வாணிகம், ஜுபிடர் ஏர்வேஸ் என்னும் விமானக் குழுமம் என அவர் கைவைத்த துறைகள் பல. எல்லாம் நிலைத்தன என்று சொல்வதற்கில்லை. விமானக் குழுமம் சில ஆண்டுகளிலேயே முடிந்தது. துணியாலை பிற்காலத்தில் அரசுடைமையாயிற்று. அவர் ஈட்டியவை மெல்ல மெல்ல மறைந்தன.

கொடுத்தவற்றின் கதை வேறு. 1944இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க அவர் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்கினார். கிண்டியில் அவர் பெயர் தாங்கும் அக்கல்லூரி 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பு. இதனினும் தமிழுலகம் நினைவிற் கொள்ளவேண்டிய கொடை ஒன்றுண்டு. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய அவர் ஓர் இலட்சம் ரூபாய் அளித்தார். அத்துறையில் மு. இராகவையங்கார் அமர்ந்து ஆய்ந்தார்; அவருக்குப் பின் எஸ். வையாபுரிப் பிள்ளை வந்தார். சேர நாட்டில் தமிழாராய்ச்சிக்கு ஓர் இருக்கை கிடைத்ததற்கு ஆங்கில இலக்கியம் படித்த ஆலை முதலாளி ஒருவர் காரணமானார். பொறியியலுக்குத் தந்த ஐந்து இலட்சத்தைப் போற்றுவோர் இந்த ஓர் இலட்சத்தை மறந்துவிடுகின்றனர்.

1947 சூலைத் திங்கள் 3ஆம் நாள் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா. துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரிகள் நிறுவ முன்வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இத்தகைய வேண்டுகோளைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு திரும்புவதே அவையோர் இயல்பு. அழகப்பர் அந்த அவையிலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்க இசைந்தார். மறு திங்களே, நாடு விடுதலை பெற்ற அதே ஆகஸ்டில், காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கின. சொந்தக் கட்டடம் இல்லை. ஆயினும் கல்லூரி இருந்தது. அதுவரை மேற்படிப்பு வேண்டிய பிள்ளைகள் புதுக்கோட்டைக்கோ மதுரைக்கோ திருச்சிக்கோ சென்றாக வேண்டும். செல்ல வகையில்லாதவர்கள் பள்ளியோடு நின்றனர். வாயிற்படியிலேயே கல்லூரி வந்ததன் பொருளை அக்குடும்பங்களே முழுதும் உணர்ந்திருக்கும்.

அடுத்து அவர் செய்தது பலருக்கு மிகையாகவே தோன்றியிருக்கக் கூடும். விடுதலை பெற்ற நாடு தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவ முனைந்த காலம் அது. அறிவியலார் சாந்தி சுவரூப் பட்நாகர் அப்பணியை முன்னின்று நடத்தினார். பூனாவும் தில்லியும் ஆய்வுக்கூடம் பெற்றதில் வியப்பில்லை. ஆறில்லாத, துறைமுகமில்லாத, பெருந்தொழில் எதுவுமில்லாத காரைக்குடி எவ்வாறு பெற்றது? 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாய் ரொக்கமும் முன்வைத்து அழகப்பர் கேட்டார். 1948 சூலை 25இல் தலைமை அமைச்சர் நேரு அப்பொட்டலுக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14, பொங்கல் நாளில், குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைத் திறந்துவைத்தார். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது, உலோகத்திற்கு முலாம் பூசுவது, மின்கலம் செய்வது ஆகியவற்றை ஆராயும் கூடம் அது. காரையும் சூரையும் மண்டிய செம்மண்ணில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அறிஞர்கள் வந்து குடியேறினர்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பல்தொழில் பயிலகம், உடற்கல்விக் கல்லூரி, குழந்தைகள் பள்ளி என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மகளிர் கல்லூரிக்கு இடம் இல்லாதபோது தாம் குடியிருந்த இல்லத்தையே ஒழித்துக் கொடுத்தார் என்று அப்பகுதியினர் சொல்வர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை அவரோடு ஒப்பிட்டுப் பேசாத மேடை செட்டிநாட்டில் அரிது. அவ்வொப்புமையில் ஒரு சிறு குறையுண்டு. பாரியின் ஈகை கணப்பொழுதில் சுரந்தது. அழகப்பர் கொடுத்ததோ கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், கணக்குப் பார்த்தே கொடுத்த கொடை. எந்த நிலத்தை, எந்தத் தொகையோடு, யார்முன் வைத்தால் தம் ஊர் பெறும் என்பதை அவர் வணிகக் கண்ணாலேயே கண்டார்.

பிரித்தானிய அரசு தந்த சர் பட்டத்தை விடுதலைக்குப் பின் துறந்தார். இந்திய அரசின் பத்மபூஷண் அவரை வந்தடைந்தது. இறுதி ஆண்டுகளில் உடல்நலிவு வாட்டிற்று. தாம் தொடங்கியவை நிறைவதற்குள் காலம் முடிந்துவிடுமோ என்ற விரைவு, 1947 முதல் அவர் ஆற்றிய பணிகளின் நாள்வரிசையைப் பார்ப்பார்க்கு விளங்கும். பத்தாண்டிற்குள் ஒரு நகரின் கல்வி முழுதும் அமைந்துவிட்டது.

1957 ஏப்ரல் 5ஆம் நாள் அழகப்பர் மறைந்தார். மறுநாள் விடிந்திருந்தால் நாற்பத்தெட்டு அகவை நிறைந்திருக்கும். கலைக்கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் பின்னர் அரசின் பொறுப்பிற்குச் சென்றன, பெயர் மாறவில்லை. 1985இல் தமிழக அரசு அழகப்பா பல்கலைக்கழகத்தைக் காரைக்குடியில் நிறுவியபோது, அதற்கு வேண்டிய கட்டடங்களும் சாலைகளும் நிழல்மரங்களும் அங்கே முன்னரே இருந்தன.