போரிசு தெலோனே
போரிசு நிக்கொலாயெவிச் தெலோனே (மார்ச் 15, 1890 – சூலை 17, 1980) உருசியக் கணிதவியலாளரும் மலையேற்ற வீரரும் ஆவார். எண் கோட்பாட்டிலும் படிகங்களின் வடிவியலிலும் ஆய்வு செய்தார். கட்டமைப்புகளைக் கணினியில் சோதிப்பதற்காக அவற்றைச் சிறு முக்கோணங்களாகப் பிரிக்கும் தெலோனே முக்கோணப்பகுப்பு இவர் பெயரால் வழங்குகிறது.

வாழ்க்கை
சென் பீட்டர்சுபர்க்கில் பிறந்தார். 1812 இல் நெப்போலியனின் படையெடுப்பின்போது சிறைப்பட்ட பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் வழிவந்தவர் என்பதால் இவரது குடும்பப்பெயர் பிரெஞ்சுப் பெயராக உள்ளது. 1913 இல் கீவ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1922 முதல் பெத்ரோகிராது பல்கலைக்கழகத்திலும், 1935 முதல் மாசுக்கோ பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றினார். 1934 இல் லெனின்கிராதில் பள்ளி மாணவர்களுக்கான முதல் கணித ஒலிம்பியாடு நடைபெற உழைத்தவர்களுள் இவரும் ஒருவர். அலெக்சாந்தர் அலெக்சாந்திரோவ், இகோர் சபாரெவிச் ஆகியோர் இவரது மாணவர்கள். அல்த்தாய் மலைத்தொடரில் ஒரு சிகரம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

வெற்றுக் கோளம்
கணிதவியலாளர் கியோர்கி வொரொனோயின் (1868–1908) நினைவாக, வெற்றுக் கோளம் பற்றிய கட்டுரையை 1934 இல் வெளியிட்டார். ஒரு தளத்தில் உள்ள புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கும்போது, எந்த முக்கோணத்தின் சுற்றுவட்டத்தினுள்ளும் வேறு புள்ளி இருத்தலாகாது என்பதே இதன் விதி. முப்பரிமாணத்தில் முக்கோணத்திற்குப் பதிலாக நான்முகியும், வட்டத்திற்குப் பதிலாகக் கோளமும் அமையும். இவரது நாட்டம் பொறியியலில் அன்று, படிக அணிக்கோவைகளிலேயே இருந்தது.

பொறியியலில் பயன்பாடு
மிக ஒடுங்கிய முக்கோணங்கள் கணிப்பில் பிழையைப் பெருக்கும். தளத்தில், ஒரே புள்ளிகளைக் கொண்டு அமைக்கத்தக்க எல்லாப் பகுப்புகளிலும் மிகச்சிறிய கோணத்தை இயன்ற அளவு பெரிதாக்குவது தெலோனே பகுப்பே.

எஃகுக் கம்பிகள் பதித்த கான்கிரீட்டு போன்ற பல்பொருள் கட்டமைப்புகளில், பொருள்கள் சந்திக்கும் எல்லையில் விறைப்பு திடீரென மாறுகிறது. எனவே ஒவ்வொரு முக்கோணமும் ஒரே பொருளினுள் அடங்க வேண்டும். இதற்காக, எல்லைக் கோடுகளை முக்கோணங்களின் பக்கங்களாகவே கொள்ளும் கட்டுறு தெலோனே பகுப்பு பின்னாளில் உருவாக்கப்பட்டது.

முதற் கணிப்பில் பிழை மிகுந்த இடங்களில் புதிய புள்ளிகள் சேர்க்கப்படுகின்றன. புதிய புள்ளியைத் தம் சுற்றுவட்டத்தினுள் கொண்ட முக்கோணங்கள் மட்டுமே நீக்கப்பட்டு மீண்டும் அமைக்கப்படுகின்றன, மற்றவை மாறுவதில்லை. எனவே கண்ணிவலை முழுவதையும் புதிதாக வரையாமல், தேவைப்படும் இடத்தில் மட்டும் நுண்மையாக்கலாம். இம்முறையைப் போயர், வாட்சன் ஆகிய இருவரும் தனித்தனியே 1981 இல், தெலோனே மறைந்த மறு ஆண்டில், வெளியிட்டனர்.

முப்பரிமாணத்தில் இவ்விதி மட்டும் போதாது. ஏறத்தாழத் தட்டையான நான்முகிகள் எஞ்சுவதால் அவற்றை நீக்கத் தனி முறைகள் தேவைப்படுகின்றன.