ஒரே வயல், ஒரே நோய்... சில கோதுமை மட்டும் தப்பிப்பது எப்படி? விடை தேடிய வவிலோவ்!

கோதுமை வயலில் துரு நோய் பரவுகிறது. இலையெல்லாம் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால், பக்கத்துப் பாத்தியில் இருக்கும் வேறொரு ரகம் பச்சைப்பசேலென்று நிற்கிறது. மண், மழை, கிருமி எல்லாமே ஒன்றுதான். அப்புறம் எப்படி?

ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் வவிலோவை இளம் வயதிலேயே பிடித்துக்கொண்ட கேள்வி இது. விதை வங்கிக்காரர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். அந்த விதை வேட்டைக்கு முக்கியமான காரணமே இந்தக் கேள்விதான்.

1887-ல் மாஸ்கோவில் ஒரு வியாபாரியின் மகனாகப் பிறந்தார். வேளாண் படிப்பை முடித்து, 1913-ல் இங்கிலாந்து போனார். அங்கே கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ரோலண்ட் பிஃபன் 1905-லேயே ஒரு விஷயத்தைக் காட்டியிருந்தார். மஞ்சள் துரு நோயைத் தாங்கும் குணம், மெண்டல் விதிப்படி அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது. அதாவது, தப்பிப்பது அதிர்ஷ்டமோ உரத்தின் புண்ணியமோ இல்லை, பரம்பரைச் சொத்து.

வவிலோவ் நூற்றுக்கணக்கான ரகங்களை விதைத்து, எது நோயில் விழுகிறது என்று பார்த்தார். ‘பாரசீகக் கோதுமை’ என்ற ஒன்று சாம்பல் நோய்க்கு மசியவே இல்லை. சாதாரண ரொட்டிக் கோதுமை வகையாகக் கருதப்பட்டது அது. இல்லை, இது தனி இனம் என்றார் வவிலோவ். பிறகு அதுவே சரி என்று ஆனது. நோய் எதிர்ப்பை வைத்தே செடிகளின் சொந்தபந்தத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று 1914-ல் கட்டுரை எழுதினார். 1919-ல் இதே விஷயத்தில் தனி நூலும் வந்தது.

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

நமக்குக் காய்ச்சல் வந்தால் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் ஓடிவந்து சண்டை போடும். செடிக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். துரு பூஞ்சைக்கு உயிருள்ள செல்தான் சாப்பாடு. எதிர்ப்புள்ள ரகத்தில், தாக்கப்பட்ட செல் சட்டென்று செத்துவிடும். பூஞ்சை பட்டினி கிடக்கும், மற்ற செல்கள் பிழைக்கும். தடித்த தோல் போன்ற வெளித்தடைகளைவிட, செல்லுக்குள் நடக்கும் இந்த மாதிரி எதிர்வினைக்கே வவிலோவ் அதிக எடை கொடுத்தார்.

சரி, அப்படிப்பட்ட செடியை எங்கே தேடுவது? பயிரும் நோயும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பூர்வீக இடங்களில் என்றார். 1916-ல் ஈரான், பாமிர். பிறகு ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, மெக்சிகோ, தென் அமெரிக்கா என்று சுற்றினார். லெனின்கிராடில் அவர் தலைமையிலான நிறுவனத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் சேர்ந்தன.

லைசென்கோ வந்தார்

புதிய ரகம் உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஸ்டாலினுக்கோ உடனே விளைச்சல் வேண்டும். மரபணுவெல்லாம் கட்டுக்கதை, சூழலை மாற்றினால் பயிரின் பரம்பரையே மாறும் என்று சொன்ன டிராஃபிம் லைசென்கோ அவருக்குப் பிடித்துப்போனார். இதே லைசென்கோவை ஆரம்பத்தில் வவிலோவே ஊக்கப்படுத்தியிருந்தார் என்பதுதான் கொடுமை. ஆனால் மரபியலை விட்டுக்கொடுக்க மட்டும் வவிலோவ் தயாராக இல்லை.

1940 ஆகஸ்ட் 6. மேற்கு உக்ரைனில் செடி சேகரித்துக்கொண்டிருந்தபோது கைதானார். அடுத்த ஆண்டு மரண தண்டனை. பிறகு அது 20 ஆண்டு சிறையாகக் குறைந்தது. 1943 ஜனவரி 26-ல், பட்டினியால் உருக்குலைந்து, சரத்தோவ் சிறையில் இறந்தார். ஒரு காலத்தில் பேராசிரியராக வேலை பார்த்த அதே ஊர். வயது 55.

அந்த நேரத்தில் லெனின்கிராடை ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்தது. நிறுவனத்தில் மூட்டை மூட்டையாக அரிசியும் நிலக்கடலையும் இருந்தன. ஊழியர்கள் அதைத் தொடவில்லை. பலர் பசியிலேயே இறந்தார்கள். அரிசி மாதிரிகளைக் கவனித்த திமித்ரி இவனோவும் அவர்களில் ஒருவர்.

1955-ல் சோவியத் உச்ச நீதிமன்றம் வவிலோவ் மீதான தீர்ப்பை ரத்து செய்தது. 1990-களில் நோய் எதிர்ப்பு மரபணுக்களை விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க ஆரம்பித்தார்கள். கிருமி நுழைந்ததை அடையாளம் கண்டு, செல்லுக்குள் எச்சரிக்கை மணி அடிக்கும் புரதங்களை உருவாக்குபவை அவை. அவருடைய சக ஊழியர் ஷுகோவ்ஸ்கி ஜார்ஜியாவில் கண்டெடுத்த திமோஃபீவ் கோதுமையிலிருந்து வந்த ‘எஸ்ஆர்36’ என்ற மரபணு, தண்டுத் துரு நோயைத் தடுக்க இன்றைய கோதுமை ரகங்கள் சிலவற்றில் இருக்கிறது.