தம் விழியையே ஆராய்ந்த சர் சி. வி. ராமன்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை அடுத்த மலையடிவாரத்தில், விளக்கில்லாத ஓரிடத்திற்கு அமாவாசை இரவில் சென்றோர் ஒன்றை நன்கறிவர். ஒளி நிறைந்த அறையை விட்டு வெளிவந்தவுடன் மலை எத்திசையில் உள்ளதென்பதே தோன்றாது, கால் தடுமாறும். சற்றுப் பொறுத்திருந்தால், முதலில் மலையின் விளிம்பும், பின்னர் மரங்களும், பின்னர்ப் பாறைகளும் ஒவ்வொன்றாகப் புலப்படும். ஆயினும் பகலிற் செந்நிறமாய்த் தோன்றிய பாறை அப்போது சாம்பல் நிறமாகவே தோன்றும். இருள் குறையவில்லை, மாறியது நம் கண்ணே.

இம்மாறுதலின் காரணம் விழித்திரையில் உளது. விழியின் உட்புறத்தில் மெல்லிய படலமாய்ப் பரந்துள்ள அத்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இருவகைப்படும். கோல் வடிவின ஏறத்தாழ 12 கோடி. கூம்பு வடிவின ஏறத்தாழ 60 இலட்சம். கோலணுக்கள் மங்கிய ஒளியிலும் பணிபுரிவன. எனினும் நிறம் அறியா. கூம்பணுக்கள் நல்லொளியில் நிறத்தையும் நுண்ணிய உருவத்தையும் காட்டுவன. கோலணுக்களில் உள்ள ரோடாப்ஸின் என்னும் செந்நிறப் பொருள் ஒளி பட்டவுடன் வெளிறி, இருளில் மீண்டும் உருவாகும். அது முற்றும் நிறைவதற்கு அரைமணி நேரத்திற்கு மேலும் செல்லும். ஆதலினாலேயே இருளில் நாம் காத்து நிற்க நேரிடுகின்றது.

இத்தகைய விழித்திரையை, கருவி பல கொள்ளாது தம் கண்ணைக் கொண்டே ஆராயத் துணிந்த தமிழ்ப் பெருமகனார் ஒருவர் இருந்தனர். அவரே சந்திரசேகர வேங்கட ராமன் ஆவர்.

அவர் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். அன்னையார் பார்வதி அம்மாள். ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1904இல் பி.ஏ. தேர்வில் முதல்வராய்த் தேறினார், 1907இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டே அரசாங்கத்தின் நிதித்துறையிற் சேர்ந்து கல்கத்தா சென்றார். பகலெல்லாம் கணக்கு அலுவல். காலையிலும் மாலையிலும் பௌபஜார் வீதியிலிருந்த விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி. பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 1917இல் மிக்க ஊதியமுள்ள அப்பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் ஐரோப்பாவினின்று கப்பலில் திரும்பியபொழுது, கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் பிரதிபலிப்பே அந்நீலமென்று அக்காலத்து அறிஞர் கருதினர். ராமன் சிறு பட்டகம் ஒன்றின் துணையால் அப்பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன எனத் தெளிந்தார். அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28ஆம் நாள் ராமன் விளைவாய்க் கனிந்து, 1930இல் நோபெல் பரிசை அளித்தது. 1933இல் பெங்களூர் சென்ற அவர், 1948இல் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார்.

புகழனைத்தும் எய்தி, எழுபது வயதையும் கடந்தபின் ஓய்வு கொள்ளாது, மலர்களின் நிறங்களை ஆராயத் தொடங்கினார். மலரின் நிறத்தை அறிய வேண்டின், அதனைக் காணும் கண்ணையும் அறிதல் வேண்டுமன்றோ? நிறக் கண்ணாடித் தகடொன்றை விழிமுன் பிடித்து, ஒளி மிக்க வெண்டிரையின் ஒரு புள்ளியைச் சிறிது நேரம் உற்று நோக்குவார். பின்னர்த் தகட்டைத் திடீரென அகற்றுவார். அப்போது வெண்டிரைமீது தோன்றும் வண்ணத் தோற்றம் தம் விழித்திரையின் பெருகிய உருவமே என அவர் கொண்டார். இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து 1968இல் நூலாக வெளியிட்டார்.

நிறம் காண்பதற்கு மூவகைக் கூம்பணுக்களே அடிப்படை என்னும் கொள்கையை அந்நூல் மறுத்தது. ஆனால் 1964இலேயே அமெரிக்க ஆராய்ச்சிச் சாலைகளில் தனித்தனிக் கூம்பணுக்கள் ஒளியை ஏற்கும் திறன் அளக்கப்பட்டு, மூவகை உண்டென்பது காணப்பட்டிருந்தது. பிற்கால ஆராய்ச்சிகளும் அதனையே உறுதி செய்தன. ராமனது கொள்கை ஏற்கப்படவில்லை. கடலிடை வென்ற அதே முறை, தம் கண்ணிடத்துத் தோற்றது. கடலைக் கண்டபோது வானத்தின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்க்க அவர் கையில் பட்டகம் இருந்தது. தம் கண்ணைத் தாமே கண்டபோது, காண்பானை விலக்கிப் பார்க்கும் பட்டகம் ஏதுமில்லை. இதனைக் கூறுதல் அப்பெரியார்க்கு இழுக்காகாது. பிழைபடுதற்கு அஞ்சிப் புகழ்நிழலில் அமர்ந்திருப்பதினும், முதுமையிலும் புதிய வினாவை எழுப்புதல் மேலானதன்றோ?

ராமன் 1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். அதே ஆண்டில்தான் குழந்தைகளின் பார்வையைக் காக்க வைட்டமின் ஏ வழங்கும் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது. ரோடாப்ஸின் உருவாவதற்கு அச்சத்து இன்றியமையாதது. அது குறையின் மாலைக்கண் நோய் தோன்றும். மிகவும் குறையின் கருவிழி கெட்டுப் பார்வையே அழியும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் தரும் எளிய பாதுகாப்பை நம் இல்லங்களில் புறக்கணித்தல் தகாது. நீரிழிவுடையோர்க்கு வலி ஏதுமின்றியே விழித்திரை கெடக்கூடுமாதலின், அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண்ணைச் சோதித்துக்கொள்ளுதல் நன்று. கிரகணக் காலத்தில் ஞாயிற்றை வெறுங்கண்ணால் நோக்குதல் ஒருபோதும் ஆகாது. சிதைந்த கூம்பணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை அண்ணாமலையின் அடியில் இருளில் நிற்க நேர்ந்தால், கைவிளக்கை ஏற்ற விரையாதீர். அரைமணி நேரம் பொறுத்து நில்லுங்கள். மலை தானே தோன்றும். கண்முன் நிகழும் இவ்வளவு எளிய செயலை வியந்து நோக்கி, ஏன் என்று வினவிய ஒரு முதியவரை அப்போது நினைவு கூர்மின்.