தடை தாண்டிய வீரர்

குதிரைப் பந்தயங்களுள் தடைதாண்டும் பந்தயம் மிகக் கடினமானது. வேலிகளையும் அகழிகளையும் குதிரை பாய்ந்து கடக்கும்போது, அதன்மேல் இருப்பவர் நிலைகுலையாமல் அமர்ந்திருத்தல் வேண்டும். அக்கலையில் புகழ்பெற்றவர் அயர்லாந்து நாட்டு வீரர் பேட் டாஃப்.

இவர் 1930ஆம் ஆண்டு டப்ளின் மாவட்டத்திலுள்ள ராத்கூல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பந்தயக் குதிரைகளைப் பயிற்றுவிப்பவர். ஆதலால் இளமையிலேயே குதிரையேற்றம் பயின்றார். பின்னர் டாம் டிரீப்பர் என்னும் பயிற்சியாளரிடம் சேர்ந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய குதிரைகளைச் செலுத்தினார்.

இங்கிலாந்தில் நடைபெறும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் முப்பது தடைகள் உண்டு. 1955இல் குவேர் டைம்ஸ் என்னும் குதிரையில் ஏறி அப்பந்தயத்தை வென்றார். மறு ஆண்டே ஒரு பந்தயத்தில் கீழே விழுந்து மண்டையோடு முறிந்தது. உடல் தேறியதும் மீண்டும் களம் புகுந்தார்.

டிரீப்பரின் தொழுவத்தில் ஆர்க்கிள் என்னும் குதிரை வளர்ந்தது. 1963இல் மில் ஹவுஸ் என்னும் குதிரையிடம் அது தோற்றது. அடுத்த ஆண்டு செல்டன்ஹாம் தங்கக் கோப்பைப் பந்தயத்தில் அதே மில் ஹவுஸைப் பேட் செலுத்திய ஆர்க்கிள் வென்றது. 1965, 1966 ஆகிய ஆண்டுகளிலும் அக்கோப்பை இவ்விருவருக்கே கிடைத்தது.

1966 டிசம்பரில் கெம்ப்டன் பூங்காப் பந்தயத்தில் ஆர்க்கிளின் குளம்பினுள் எலும்பு முறிந்தது. அவ்வலியோடும் ஓடி முடித்து இரண்டாம் இடம் பெற்றது. அதன்பின் அது பந்தயத்தில் ஓடவே இல்லை.

ஆர்க்கிள் இன்றிப் பேட் என் செய்வார்? அவர் தம் தொழிலைக் கைவிடவில்லை. 1968இல் ஃபோர்ட் லெனி என்னும் குதிரையில் மீண்டும் தங்கக் கோப்பையை வென்றார். 1970இல், தம் நாற்பதாம் வயதில், கே ட்ரிப் என்னும் குதிரையைச் செலுத்தி, பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் கிராண்ட் நேஷனல் வெற்றியை மறுபடியும் பெற்றார். அவ்வாண்டே ஓய்வு பெற்றுப் பயிற்சியாளரானார். அவர் பழக்கிய கேப்டன் கிறிஸ்டி 1974இல் தங்கக் கோப்பையை வென்றது.

முதுமையில் இதய மாற்று அறுவை செய்துகொண்ட அவர், 1992இல் இயற்கை எய்தினார். ஆர்க்கிளால் பேட் புகழ்பெற்றார் என்பர். அக்குதிரை ஓய்ந்தபின் அவர் பெற்ற வெற்றிகளோ அவருடைய உழைப்பைக் காட்டுகின்றன.

சிந்தித்து எழுதுக:
1. பேட் டாஃப் சந்தித்த இன்னல்கள் யாவை?
2. ஆர்க்கிள் ஓய்வு பெற்றபின் அவர் பெற்ற வெற்றிகளைக் கூறுக.