கண்களைத் தந்த அறிஞர்

இங்கிலாந்து நாட்டின் வடமேற்கே உள்ள ஈகில்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில், எளிய நெசவாளர் ஒருவரின் மகனாக 1766ஆம் ஆண்டு ஜான் டால்டன் பிறந்தார். 12 வயதிலேயே ஊர்ச் சிறுவர்களுக்குப் பாடம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர்க் கெண்டல் நகரில் ஆசிரியராகப் பணியாற்றி, 1793இல் மான்செஸ்டர் நகருக்குச் சென்றார். அணுக் கொள்கையை வகுத்தவர் என்று வேதியியல் நூல்கள் அவரைப் போற்றுகின்றன. கண் ஆராய்ச்சி வரலாற்றிலும் அவருக்குத் தனியிடம் உண்டு.

1792ஆம் ஆண்டு, ஜெரேனியம் என்னும் செடியின் மலரை டால்டன் மெழுகுதிரி ஒளியில் கண்டார். பகலில் வான்நீலமாகத் தோன்றிய அம்மலர், இரவில் சிவப்பாகத் தோன்றியது. நண்பர்களிடம் கேட்டார். அவர்களுக்கு அது இருவேளையும் இளஞ்சிவப்பு மலரே. தமையன் ஜோனதன் மட்டும் தம்பி கண்டவாறே கண்டார். தம் கண்கள் பிறர் கண்களைப் போன்றவை அல்ல என்பதை டால்டன் அன்று உணர்ந்தார்.

அக்குறையை அவர் மறைக்கவில்லை, ஆராயத் தொடங்கினார். பிறருக்குச் சிவப்பாகத் தெரியும் அரக்கும், பச்சையாகத் தெரியும் இலையும் அவருக்கு ஒரே நிறமாகத் தெரிந்தன. தம் மாணவர் 25 பேரிடம் வினவியபோது, இருவருக்கு அதே குறை இருந்தது. ஆனால், இக்குறையுடைய பெண் ஒருவரையும் அவர் அறியவில்லை. இவற்றையெல்லாம் தொகுத்து, 1794இல் மான்செஸ்டர் அறிஞர் கழகத்தில் கட்டுரையாகப் படித்தார். பிரெஞ்சு, எஸ்பானிய மொழிகளில் நிறக்குருடு இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

இக்குறைக்குக் காரணம் யாது? தம் கண்ணின் உள்ளே நிறைந்துள்ள தெளிந்த நீர்மம் நீல நிறம் கொண்டிருத்தல் வேண்டும்; அது சிவப்பு ஒளியைத் தடுக்கிறது என்று டால்டன் கருதினார். உயிருள்ளபோது இதனைச் சோதிக்க இயலாது. ஆகவே, தம் மறைவுக்குப் பின் கண்களை எடுத்து ஆராயுமாறு கேட்டுக்கொண்டார்.

1844ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் டால்டன் மறைந்தார். மருத்துவர் ஜோசப் ரான்சம் அவர் விருப்பத்தை நிறைவேற்றினார். ஒரு கண்ணின் நீர்மத்தை எடுத்துப் பார்த்தார். அதில் நீலம் இல்லை. மற்றொரு கண்ணின் பின்புறத்தைச் சிறிது வெட்டி, அதன் வழியே சிவப்பையும் பச்சையையும் நோக்கினார், நிறங்கள் மாறவில்லை. டால்டனின் கருத்து பிழையென்று அவர் கண்களே காட்டின.

எனினும் அவர் கொடை வீண்போகவில்லை. அக்கண்கள் பாதுகாத்து வைக்கப்பட்டன. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின், 1995இல், அறிவியலார் அவற்றிலிருந்து சிறு துணுக்கை எடுத்து மரபணுவை ஆராய்ந்தனர். நம் விழித்திரையில் நிறங்களை உணர மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. அவற்றுள் பச்சைப் பகுதி ஒளியை உணரும் செல்லின் நிறமிக்கு உரிய மரபணு டால்டனிடம் இல்லை. குறை கண்ணின் நீர்மத்தில் இல்லை, பிறப்பிலேயே அமைந்தது. அம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்களுக்கு அது இரண்டு, ஆண்களுக்கு ஒன்றே. எனவேதான் இக்குறை ஆண்களிடம் மிகுதி.

தம் கருத்து பொய்க்கக்கூடும் என்று தெரிந்தும், உண்மை வெளிப்படத் தம் கண்களையே தந்தவர் டால்டன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத தோழர் நம் வகுப்பிலும் இருக்கலாம். அவரை நகையாடாமல், அவர் காணும் உலகைக் கேட்டறிவதே டால்டனுக்கு நாம் செய்யும் சிறப்பு.

சொற்பொருள்
தமையன் – அண்ணன்
அரக்கு – முத்திரை இடப் பயன்படும் மெழுகு போன்ற பொருள்
நகையாடுதல் – கேலி செய்தல்

வினாக்கள்
1. தம் பார்வை வேறுபட்டது என்பதை டால்டன் எவ்வாறு அறிந்தார்?
2. மருத்துவர் ரான்சம் செய்த இரு சோதனைகள் யாவை?
3. டால்டனின் கருத்து பிழையானபோதும் அவர் கொடை பயன்பட்டது எவ்வாறு? ஐந்து வரிகளில் எழுதுக.