உளியும் பிள்ளையும் தகப்பனும்: அர்ச். தொன் போஸ்கோ சரித்திரம்



வீடு மந்திரிக்கப் போகும்போது இரண்டு விதமான வீடுகளைக் காண்கிறோம். ஒரு வீட்டில், பிள்ளை தொட்டுவிடுவானே என்று பயந்து, தகப்பனார் உளி, சுத்தியல், ரம்பம் எல்லாவற்றையும் பெட்டியிலிட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார். இன்னொரு வீட்டில், தாயும் தகப்பனும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போயிருக்க, பத்து வயதுச் சிறுவன் திண்ணையில் தன்னந்தனியே அரிவாளால் கட்டையைச் சீவிக்கொண்டிருக்கிறான். முதல் வீட்டில் பயம். இரண்டாம் வீட்டில் அசட்டை. முதல் வீட்டுப் பிள்ளைக்குக் கைவேலை வராது. இரண்டாம் வீட்டுப் பிள்ளைக்கு என்றைக்காவது ஒரு நாள் கையே போய்விடும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதைத் தம் வாழ்நாளெல்லாம் நடந்து காட்டியவர் அர்ச். தொன் போஸ்கோ.

இவர் 1815-ம் வருடம் ஆகஸ்டு 16-ந் தேதி, வட இத்தாலியில் பெக்கி என்னும் குக்கிராமத்தில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்னே தகப்பனாரை இழந்தார். தாயார் மார்கரீத்தம்மாள் எழுத்தறியாதவள். ஆனால் பிள்ளை வளர்க்க அறிந்தவள். சிறு வயதிலேயே மக்களைத் தன்னோடு நிலத்துக்கு அழைத்துப்போய், அவரவர் வயதுக்குத் தக்க வேலையைக் கொடுத்து, தானும் பக்கத்தில் நின்று செய்வாள். வேலைக்குப் பயப்படாத மனதை அவர் பெற்றது இந்தத் தாயின் பக்கத்தில்தான்.

படிக்க வேண்டுமென்ற ஆசையால் வீட்டைவிட்டுப் புறப்பட்ட வாலிபர் யோவான், 1831-ல் காஸ்தெல்நுவோவோ என்னும் ஊரில் ஒரு தையற்காரர் வீட்டில் தங்கிப் படித்தார். ஓய்ந்த நேரத்தில் பொத்தான் தைக்கவும் துணி வெட்டவும் பழகினார். அதே ஊரில் கொல்லன் உலைக்களத்தில் சம்மட்டி பிடித்தார். பிறகு கியேரி நகரில் காப்பிக் கடையொன்றில் தங்கிப் பலகாரம் செய்யவும் கற்றார். பின்னாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தொழில் கற்பித்தவர், முதலில் தாமே ஒவ்வொரு பட்டறை வாசலிலும் மாணாக்கனாய் நின்றவர் என்பதை நாம் மறக்கலாகாது.

1841-ம் வருடம் ஜூன் 5-ந் தேதி தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் அந்நகரம் வேகமாய் வளர்ந்துகொண்டிருந்தது. வேலை தேடி நாட்டுப்புறத்திலிருந்து சிறுவர்கள் வந்து குவிந்தார்கள். கொத்தனாருக்குச் செங்கல் சுமந்தார்கள், சாரத்தின்மேல் ஏறினார்கள், புகைபோக்கிக்குள் நுழைந்து கரி துடைத்தார்கள். தாய் தகப்பன் தூரத்திலிருந்தார்கள், அல்லது இல்லவே இல்லை. எஜமானனுக்குப் பிள்ளையின் உயிரைவிட வேலை பெரிதாயிருந்தது. சிறைச்சாலைகளைச் சந்திக்கப் போன இளங்குரு, அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் கண்டு மனம் நொந்தார். இவர்களுக்குப் பக்கத்தில் நிற்க ஒருவர் இருந்திருந்தால் இங்கே வந்திருக்கமாட்டார்களே என்பது அவருடைய எண்ணமாயிற்று. அன்றுமுதல் வாரநாட்களில் வேலை நடக்கும் இடங்களுக்கே போய்ப் பிள்ளைகளைப் பார்த்து வருவார்.

1846-ல் வால்தோக்கோ என்னுமிடத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். அவ்வருடமே மார்கரீத்தம்மாளும் கிராமத்தை விட்டு மகனோடு நடந்தே வந்து, அந்த அநாதைப் பிள்ளைகளுக்குத் தாயானாள்.

இனி நாம் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று. 1852-ம் வருடம் பிப்ரவரி 8-ந் தேதி எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கை இன்றும் இருக்கிறது. ஜுசெப்பே ஒதாஸ்ஸோ என்னும் பையன் தச்சுத்தொழில் கற்பதற்காக எழுதியது அது. கையெழுத்திட்டவர் நால்வர்: தச்சாசாரி, பையன், பையனின் தகப்பனார், தொன் போஸ்கோ. தகப்பனாரைத் தள்ளிவைத்துவிட்டுக் குருவானவர் தாமே முடித்துவிடவில்லை என்பதைப் பாருங்கள்.

அதிலே ஆசாரி ஒப்புக்கொண்டவை இவை: இரண்டு வருடத்தில் தொழிலை முறையாய்க் கற்றுக்கொடுப்பது, பையனின் வயதுக்கும் பலத்துக்கும் மிஞ்சிய வேலை வாங்காதிருப்பது, தச்சுவேலையல்லாத எடுபிடி வேலைகளை ஏவாதிருப்பது, தவறினால் வாயால் திருத்துவதேயன்றிக் கை நீட்டாதிருப்பது, கடன் திருநாட்களில் வேலை வாங்காமல் விடுவது. பையன் கீழ்ப்படிய வேண்டும். அவனால் பட்டறைக்கு நஷ்டம் வந்தால் தகப்பனார் ஈடுசெய்ய வேண்டும். கற்பவன், கற்பிப்பவன், பெற்றவன் மூவருக்கும் அவரவர் பாரம் உண்டு.

ஆயினும் வெளிப்பட்டறைகளின் கெட்ட பேச்சும் கெட்ட சகவாசமும் அவருக்குக் கவலை தந்தன. ஆகையால் தம் வீட்டிலேயே பட்டறைகளைத் திறந்தார். 1853-ல் செருப்புத் தைப்பதும் தையலும், 1854-ல் புத்தகம் கட்டுவதும், 1856-ல் தச்சும், 1862-ல் இரும்பு வேலையும் தொடங்கின. தச்சுப்பட்டறை தொடங்கிய அதே 1856 நவம்பரில் மார்கரீத்தம்மாள் மரித்தாள். தாயை இழந்த மகன், அவள் தமக்குச் செய்ததையே பிறர் பிள்ளைகளுக்குச் செய்தார். பிள்ளை தவறு செய்தபின் தண்டிப்பதைவிட, தவறுமுன் பக்கத்தில் நின்று காப்பதே மேல் என்பது அவருடைய போதக முறையின் சாரம்.

1859-ல் சலேசிய சபையை ஏற்படுத்தினார். 1888-ம் வருடம் ஜனவரி 31-ந் தேதி பாக்கியமாய் மரித்தார். 1906-ல் அவருடைய சபைக் குருக்கள் நமது தஞ்சாவூரில் வந்திறங்கினார்கள். 1934-ல் 11-ம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். 1958-ல் 12-ம் பத்திநாதர் அவரை இத்தாலியில் தொழில் பயிலும் இளைஞருக்குப் பாதுகாவலராக நியமித்தார்.

பெற்றோரே! பிள்ளைக்குக் கைவேலை கற்பிப்பது வேறு. பிள்ளையைக் கூலிக்கு அனுப்புவது வேறு. 2016-ல் திருத்தப்பட்ட நம் நாட்டுச் சட்டம், 14 வயது நிறையாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பதை எல்லாத் தொழிலிலும் தடுக்கிறது. 18 வயது நிறையாதவரை ஆபத்தான வேலையில் வைப்பதையும் தடுக்கிறது. நாம் சொல்வது வீட்டில், தகப்பன் பக்கத்தில், படிப்புக்கு இடையூறின்றிக் கற்பது.

பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்குங்கள். முதல் நாள் உப்புத்தாளால் பலகையைத் தேய்க்கட்டும். அடுத்து, பழைய பேக்கிங் பெட்டிப் பலகையில் ஆணி அடிக்கட்டும். விரலுக்குப் பதில் துணிக் கிளிப்பால் ஆணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ரம்பம் பிடிக்கும் நாளில் பலகையைக் கையால் பிடிக்க விடாமல் இறுகக் கட்டிக்கொடுங்கள். உளி எப்போதும் உடம்பை விட்டு விலகியே போக வேண்டும். இரண்டு கையும் உளியின் வாய்க்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். மழுங்கிய உளி வழுக்கும். ஆகையால் தீட்டி வைப்பது தகப்பன் கடமை. காலில் செருப்பும், கண்ணுக்குக் கண்ணாடியும் இருக்கட்டும். மின்சார ரம்பம் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுந்து போகும்போது பெட்டியும் பூட்டப்படட்டும்.

இரண்டு சட்டத்தைச் சேர்த்து ஒரு சிறு சிலுவை செய்வதே முதல் வேலையாய் இருக்கலாம். அது கோணலாய் வந்தால் வையாதீர்கள், வாயால் திருத்துங்கள். நாசரேத்தில் சேசுநாதர் தொழில் கற்றதும் அர்ச். சூசையப்பரின் பக்கத்தில் நின்றுதான். ஷிப்ட் இல்லாத ஒரு மாலையில் அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியில் பிள்ளை தச்சு வேலையை மட்டுமல்ல, தன் தகப்பனையும் அறிந்துகொள்வான்.