33 ஆண்டுகள் கட்டிய கோவில்

ராதாபுரத்துக்குக் கிழக்கே இடையன்குடி என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் செம்மணல் தேரி. எங்கே பார்த்தாலும் பனை. பலத்த காற்று அடித்தால் மணல் வீட்டுக்குள் வந்து விழும்.

1841-ம் ஆண்டின் இறுதியில் இந்த ஊருக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வந்து சேர்ந்தார். பல்லக்கில் அல்ல. நடந்து! சென்னையில் புறப்பட்டவர், தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு வந்தார். நடந்தால்தான் மக்களோடு பேசலாம், அவர்கள் தமிழைக் கற்கலாம் என்பது அவர் எண்ணம். அப்போது அவருக்கு வயது 27.

அவர்தான் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றவர். அந்தப் புகழ் எல்லோருக்கும் தெரியும். அவர் கொத்தனார்களோடு நின்று கல்லும் மண்ணும் அளந்த கதை அவ்வளவாகத் தெரியாது.

ஓவியம் படித்த கை

கால்டுவெல் 1814-ல் அயர்லாந்தில் பிறந்தார். வளர்ந்தது ஸ்காட்லாந்தில். இளவயதில் டப்ளின் நகரில் சில காலம் ஓவியம் கற்றார். பிறகு மனம் மாறி, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்து, சமயப் பணிக்கு வந்தார். ஓவியப் படிப்பு வீண் என்றே அன்று பலரும் நினைத்திருப்பார்கள். அது இடையன்குடியில் உதவியது!

அவர் வந்தபோது ஊரில் குடிசைகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தன. அவர் நேரான தெருக்கள் அமைத்தார். கிணறு வெட்டச் செய்தார். மரங்கள் நட்டார்.

வீடு கட்டும் வித்தையை அந்த மக்களுக்கு அவர் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைரம் பாய்ந்த பனையைப் பிளந்தால் கைமரம். ஓலையை வேய்ந்தால் கூரை. நாரை உரித்தால் கட்டுக்கயிறு. கடைக்குப் போகாமலே ஒரு வீடு எழும்பிவிடும். தினமும் இருமுறை பனையேறிப் பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த மக்கள் அவர்கள்.

ஆனால் கால்டுவெல் மனத்தில் இருந்தது வேறு. ஐரோப்பிய முறையில் ஒரு பெரிய கல் கோவில்!

களிமண் மாதிரி

1847-ல் வேலை தொடங்கியது.

அந்தக் கோவிலின் சன்னல்களும் வளைவுகளும் உச்சியில் கூராக முடியும். இரு கைகளையும் கூப்பிப் பாருங்கள், அந்த வடிவம் தெரியும். முதலில் மரச்சாரம் கட்டி, அதன்மேல் செதுக்கிய கற்களை இருபுறமிருந்தும் அடுக்கிக்கொண்டு வர வேண்டும். உச்சியில் கல் பொருந்தும்வரை வளைவு தானாக நிற்காது. கற்களின் அளவு பிசகினால் வளைவு சரிந்துவிடும்.

நம் கல்தச்சர்கள் தூண் நிறுத்தி மேலே உத்தரக்கல் போடுவதில் கைதேர்ந்தவர்கள். இந்தக் கூர்வளைவு அவர்களுக்குப் புதிது. காகிதத்தில் வரைந்து காட்டினால் போதுமா? கால்டுவெல் களிமண்ணைப் பிசைந்து தம் கையாலேயே மாதிரிகள் செய்தார். வேலையாட்கள் அதைத் தொட்டுப் பார்த்து, கல்லில் அதே வடிவத்தைக் கொண்டு வந்தார்கள். டப்ளினில் ஓவியம் படித்த கை இங்கே மண்ணைப் பிசைந்தது!

பணம் மொத்தமாகக் கிடைக்கவில்லை. கிடைத்தபோது வேலை நடந்தது. தீர்ந்தபோது நின்றது. இடையே அவருக்கு உடல்நலம் கெட்டு, தாய்நாடு போய் வந்தார். 1876 முதல் 1878 வரை கொடிய பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. 1877-ல் அவர் பிஷப் ஆனார். கோவில் மட்டும் முடியவில்லை.

1880 ஜூலை 6-ந் தேதி கோவில் பிரதிஷ்டை ஆயிற்று. 33 வயதில் தொடங்கியவர் 66 வயதில் முடித்தார்!

எலைசா அம்மையார்

1844-ல் கால்டுவெல்லுக்குத் திருமணம் நடந்தது. மனைவி எலைசா, நாகர்கோவில் பாதிரியார் மால்ட் அவர்களின் மகள். தமிழ்நாட்டுச் சூழலிலேயே வளர்ந்தவர். தமிழ் சரளமாகப் பேசுவார். அவர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். தலையணைமேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற நுட்பமான வேலை அது. பனையை மட்டுமே நம்பியிருந்த வீடுகளில் பெண்கள் கையிலும் காசு புழங்கியது.

கால்டுவெல் குறையே இல்லாதவர் என்று சொல்ல முடியாது. பனையேறும் மக்களைப் பற்றி 1849-ல் அவர் எழுதிய நூல், அந்த மக்களையே புண்படுத்தியது. பிற்காலத்தில் அதற்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அவர்களோடு வாழ்ந்து, அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தவர் அப்படி எழுதியது வருத்தமே.

1883-ல் அவருடைய பணி தூத்துக்குடிக்கு மாறியது. 1891 ஆகஸ்டு 28-ல் கொடைக்கானலில் காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொண்டு வந்தார்கள். தாம் கட்டிய கோவிலுக்குள்ளேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1899-ல் எலைசா அம்மையாரும் அவர் அருகிலேயே வைக்கப்பட்டார்.